தாத்தா வீட்டு குரூப்: பெரியப்பா ரிசல்ட்

செல்வி: பெரியப்பா பயாப்ஸி வந்துருச்சு. பெருங்குடல் கேன்சர்தான். வேற எங்கயும் பரவலயாம். செவ்வாய் ஆபரேஷன்

லதா அத்தை: முருகா 🙏

கார்த்தி: மாமாவுக்கு மூலம்னுதான சொன்னாங்க

செல்வி: அதான் மோசம் போச்சு. ஒன்றரை வருஷமா ரத்தம் போயிருக்கு, கருணைக்கிழங்கும் துத்தி இலையுமா ஓட்டிருக்காரு

மணி சித்தப்பா: அண்ணன் பீடி கூட தொட்டதில்லயே

செல்வி: நானும் டாக்டர்கிட்ட அதத்தான் கேட்டேன் சித்தப்பா. சுகர் இருக்கவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட 20–30 சதவீதம் கூடவாம், அதுக்காக சுகர் இருந்தா வந்தே தீரும்னு இல்ல. நம்ம வீட்டுல வர்ற இந்த சுகர்ல உடம்பு இன்சுலினுக்கு மசியாது, அதனால கணையம் மேல மேல சுரக்கும், ரத்தத்துல அது கூடிக்கிட்டே இருந்தா குடல் செல்லயும் வளரு வளருன்னு தூண்டிவிடுமாம், தொப்பைக் கொழுப்பு வேற உள்ள புண்ணு மாதிரி ஓயாம அழற்சி உண்டாக்கும். குண்டா இருந்தா கூடுற கேன்சர்னு 13 சொல்றாங்க, அதுல பெருங்குடலும் ஒண்ணு

லதா அத்தை: அப்ப என் இன்சுலின் ஊசிய நிறுத்திரவா

செல்வி: ஐயோ அத்த நிறுத்தவே கூடாது!! சுகர் ஏறிட்டா அது வேற ஆபத்து

கார்த்தி: திவ்யா வளைகாப்பு புதன்கிழமை ஆச்சே

லதா அத்தை: சமையலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுடா

செல்வி: அத பெறவு பேசலாம். கூடப்பொறந்தவங்க மூணு பேரும் கொலனோஸ்கோபி பாத்தே ஆகணும், அதான் ஆசனவாய் வழியா கேமரா வச்ச டியூப விட்டு குடல பாக்குற டெஸ்ட். முதல்ல பாலிப்னு சின்ன சதை வளர்ச்சிதான் வருமாம், அது கேன்சராக பெரும்பாலும் 10 வருஷம் ஆகும், அதுக்குள்ள பாத்துட்டா அந்த டியூப் வழியாவே வெட்டி எடுத்துருவாங்க. அப்பா சரின்னுட்டாங்க

மணி சித்தப்பா: எனக்கு ஒண்ணும் இல்ல

லதா அத்தை: டேய் மணி உன் தொப்பைய பாரு

செல்வி: ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90 செமீக்குள்ள இருக்கணும். நேத்து தையல் டேப் வச்சு அப்பாவ அளந்தேன், 104. தொப்புளுக்கு நேரா, மூச்ச எக்காம அளங்க சித்தப்பா

லதா அத்தை: பேதி மருந்து குடிக்கணுமாமே

செல்வி: ஒரு ராத்திரிதான் அத்த

கார்த்தி: ரத்தம் வேணுமா? நான் பி பாசிட்டிவ்

செல்வி: ரெண்டு பேர் வேணும்னாங்க. சித்தப்பாவும் பி பாசிட்டிவ்தான

மணி சித்தப்பா: கிணத்துப் பங்கு பிரச்சனைலேர்ந்து அண்ணன் என்கூட பேசுறதில்ல

செல்வி: காலைல கூட உங்களத்தான் கேட்டாரு. "மணி சாப்ட்டானா"ன்னாரு

லதா அத்தை: 😢

மணி சித்தப்பா: செவ்வாய் எத்தன மணிக்கு

செல்வி: 7

மணி சித்தப்பா: பாப்போம்

லதா அத்தை: வளைகாப்ப என்ன பண்றது, யாராவது சொல்லுங்க