பி டிவிஷன் மேட்ச்: பள்ளி மைதானத்துல கோடு எப்படிப் போடுறது?

செம்மண்_எஃப்சி:
மாவட்ட ஃபுட்பால் லீக் பி டிவிஷன்ல மைதானம் தயார் பண்ற பொறுப்பு எங்க கிளப்புக்கு வந்திருக்கு. பள்ளி மைதானம், செம்மண் தரை, 100க்கு 64 மீட்டர். கோல் போஸ்ட் ரெண்டும் கான்கிரீட்ல நட்டது. மூலையிலிருந்து அளந்தா ஒரு பக்கம் பெனால்டி பாக்ஸ் கோணலா வருது. எங்க தப்பு? எந்தப் பவுடர், எவ்வளவு வாங்கணும்?

லைன்ஸ்மேன்:
போஸ்ட் நகராதுங்க, அதனால அளவு போஸ்ட்லேருந்துதான் ஆரம்பிக்கணும். ரெண்டு கோலுக்கும் நடுப்புள்ளி குறிச்சு, நடுவுக்கு நடு ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்க. கோல் லைன்ல நடுவிலிருந்து 6 மீட்டர், கயிற்றுல 8 மீட்டர். ரெண்டு குறிக்கும் இடையில சரியா 10 வரணும். வரலைன்னா போஸ்ட் நட்டதே கோணல், அதைப் பவுடர் சரி பண்ணாது.

வந்தா, நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் 32 மீட்டர் வச்சு மூலை குறிங்க. குறுக்கே மூலைக்கு மூலை ரெண்டும் 118.7 மீட்டர் இருக்கணும். பெனால்டி பாக்ஸை மூலையிலிருந்து அளக்காதீங்க; போஸ்டோட உள்விளிம்பிலிருந்து பக்கவாட்டுல 16.5 மீட்டர், மைதானத்துக்கு உள்ளே 16.5. சின்ன பாக்ஸுக்கு ரெண்டுமே 5.5. பெனால்டி புள்ளி 11 மீட்டர். நடுவட்டத்துக்கும், பெனால்டி பாக்ஸுக்கு வெளியே வர்ற 'டி' வளைவுக்கும் (மையம் பெனால்டி புள்ளி) ஒரே கயிறு போதும், 9.15 மீட்டர். நைலான் கயிறு வேண்டாம், இழுத்தா நீளும். அளவெல்லாம் டேப்புலயே எடுங்க.

கார்னர்_கொடி:
தயவுசெஞ்சு சுண்ணாம்பு போடாதீங்க. வேர்வையோட சேர்ந்தா தோல் வெந்துடும். ஸ்லைடிங் போன பையன் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. இதுல சிக்கனம் பார்க்கக் கூடாது. கோலமாவு கடையில விக்கிற வெள்ளைக் கல்மாவு போதும்.

100க்கு 64ன்னா எல்லாக் கோடும் சேர்த்து ஏறக்குறைய 690 மீட்டர். மீட்டருக்கு 100 கிராம்னு போட்டா 70 கிலோ. கோடு 12 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. 10 சென்டிமீட்டர் இடைவெளியில ரெண்டு கயிறு கட்டி, அடியில ஆணியால ஓட்டை போட்ட டப்பாவை நடுவுல தட்டிக்கிட்டே போங்க. தரை புழுதியா இருந்தா முதல்ல தண்ணி தெளிக்கணும், இல்லேன்னா பாதி காத்துல போயிடும். மம்பட்டியால வாய்க்கால் மாதிரி கீறி வைக்கிற வழக்கம் சில ஊர்ல இருக்கு. கணுக்கால் புரளும், வேண்டாம்.

செம்மண்_எஃப்சி:
10 வரலைன்னா வேற வழி?

லைன்ஸ்மேன்:
நகர்த்துற போஸ்ட் வாடகைக்கு எடுக்கணும். பின்பக்கக் குழாய் மேல மணல் மூட்டை கட்டாயம்; பையன் கிராஸ்பார்ல (மேல இருக்கிற குறுக்குக் கம்பி) தொங்கினா மொத்தமா முன்னால சாயும், உயிரே போகும்.

டீம்ஷீட்:
கோட்டோட நிக்காதீங்க. வலையை நாலு பக்கமும் இழுத்துப் பாருங்க. ஓட்டை இருந்தா "கோலா, வெளியவா"ன்னு தகராறு அங்கதான் ஆரம்பிக்கும். கார்னர் கொம்பு 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது, நுனி மழுங்கலா இருக்கணும். சவுக்குக் கொம்புன்னா உச்சியில பழைய டென்னிஸ் பந்தைச் செருகிடுங்க. பந்து 5ஆம் நம்பர், 410லேருந்து 450 கிராம், ரெண்டு எடுத்து வைங்க. வேற கலர்ல ஒரு செட் பிப்ஸும் (ஜெர்சி மேல போடுற கையில்லாத மேலாடை) இருக்கட்டும். ஒரு டீம்ல 7 பேருக்குக் குறைஞ்சா மேட்ச் தொடங்காது, அதனால காலைப் பஸ்ஸை நம்பி வர்ற பசங்களுக்கு முந்தின நாளே போன் போட்டுடுங்க.