நண்பனின் கஷ்டத்தில் நமக்கென்ன சுகம்? லா ரோஷ்ஃபூகோ நீக்கிய வரி பற்றி

கடுங்காப்பி: லா ரோஷ்ஃபூகோ, மனித மனசைப் பற்றி ஓரிரு வரிகளில் நறுக்கென்று எழுதிய பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பிரபு. அவரைப் பற்றி ஒருவர் நேற்று இங்கே அளந்திருக்கிறார். "நெருங்கிய நண்பர்களுக்கு வரும் துன்பத்தில்கூட நமக்கு வருத்தம் தராத ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1665ல் லா ரோஷ்ஃபூகோ எழுதினார், தவறு என்று உணர்ந்து 1666 பதிப்பில் நீக்கிவிட்டார்" என்கிறார். உணர்ந்தாராமே! இவர் காதில் வந்து சொன்னாரா? வரி பலரைச் சுட்டது, எடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

மேலவீதி: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். நாவலாசிரியை மதாம் த லஃபாயெத்துடன் அவருக்கு நட்பு இறுகிய காலம் அது. நல்ல சிநேகிதி கிடைத்தவருக்கு அந்த வரி பொய்யாகத்தானே தெரியும்?

கடுங்காப்பி: அந்த அம்மையார்தான் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, இதையெல்லாம் கற்பனை செய்ய மனசில் எவ்வளவு அழுக்கு இருக்க வேண்டும் என்று மதாம் த சாப்லே என்ற இன்னொரு சீமாட்டிக்கு எழுதியவர். பெரிய வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தார்கள், பிரபு தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்.

சும்மாஒருவன்: 1652ல், பிரபுக்கள் அரசை எதிர்த்த கலகத்தில், பாரிஸ் வாசலில் முகத்தில் குண்டு வாங்கி, கொஞ்ச காலம் பார்வையே போனவர். அவர் போய் முகச்சுளிப்புக்குப் பயந்தாராம்.

கடுங்காப்பி: அந்தக் கலகத்தில் அவர் குதித்ததே பாதி, அவர் காதலித்த லோங்வில் சீமாட்டிக்காக. நாட்டுக்காகவா குண்டு வாங்கினார்?

சும்மாஒருவன்: யாருக்காக வாங்கினால் என்ன, குண்டு குண்டுதானே?

மேலவீதி: விஷயத்துக்கு வாங்க. நீக்கினாரா இல்லையா?

கடுங்காப்பி: நீக்கினார். ஆனால் சொன்னதை அவர் மறுக்கவில்லை. தன்மோகத்தைப் பற்றி முதல் பதிப்பின் தொடக்கத்தில் இருந்த நீண்ட பத்தியையும்தான் அதே கையோடு எடுத்தார். அப்போது அதுவும் பொய்யா? 1678 பதிப்பைப் புரட்டுங்கள், மொத்தம் 504 பொன்மொழிகள். 19ஆவது, அடுத்தவர் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள நம் எல்லோருக்கும் போதிய பலம் இருக்கிறது என்கிறது. 235ஆவது இன்னும் மோசம்: நண்பர்களுக்கு நேரும் துரதிர்ஷ்டம் நம் பாசத்தைக் காட்டிக்கொள்ள உதவுமானால் சீக்கிரமே மனசு ஆறிவிடுகிறோமாம். சிநேகிதியால் திருந்தியவர் எழுதுகிற லட்சணம் இது!

நெட்டைப்பனை: 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஸ்விஃப்ட் தன் சாவைப் பற்றி 1731ல் எழுதிய கவிதையே அந்த வரியை வைத்துத்தான் ஆரம்பிக்கிறது. நீக்கிய வரிக்கு என்ன ஆயுள் பாருங்கள்.

மேலவீதி: ஸ்விஃப்ட் எடுத்தாண்டால் உண்மையாகிவிடுமா? அது போகட்டும், நட்பைப் பற்றிக் கடுங்காப்பி வகுப்பெடுப்பதுதான் வேடிக்கை. என் கதை ஒரு போட்டியில் கழிந்தபோது முதல் ஆளாக வந்து பத்தி பத்தியாக ஆறுதல் எழுதினார். அடுத்த கதை அச்சில் வந்தபோது ஆளையே காணோம்.

கடுங்காப்பி: சாட்சியை அவரே கொண்டுவந்து தருகிறார், பாருங்கள். ஆமாம், அந்த ஆறுதலை ரசித்துத்தான் எழுதினேன்.

மேலவீதி: அப்போது அத்தனையும் நடிப்பா?

நெட்டைப்பனை: உங்கள் பஞ்சாயத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் சார். ஸ்விஃப்ட் பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கடுங்காப்பி: நடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. வருத்தமும் இருந்தது, கூடவே அதுவும் இருந்தது. லா ரோஷ்ஃபூகோ சொன்னதும் அதைத்தான். திரும்பவும் சொல்கிறேன்: வரியை நீக்கினார், சொன்னதை மறுக்கவில்லை.

மேலவீதி: எத்தனை தடவை சொன்னாலும் 1666ல் அந்த வரி கிடையாது.

கடுங்காப்பி: அச்சில் வந்த அந்தக் கதையையும் படித்தேன். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.