மின்ட் 21-க்கு மாறியபின் திரை இழுத்து இழுத்து நகர்கிறது (கோர் 2 டுயோ, ஜிஃபோர்ஸ் 210)

போடி டிடிபி:

வணக்கம். போடிநாயக்கனூரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடைக் கணினி 2010-ல் வாங்கியது. கோர் 2 டுயோ இ7500, 4 ஜிபி ராம், ஜிஃபோர்ஸ் 210 வரைகலைக் கார்டு, 19 அங்குல அகலத் திரை. ஹார்ட் டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டதிலிருந்து இதன்மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இங்க்ஸ்கேப், கிம்ப், லிப்ரே ஆபீஸ் மூன்றும்தான் என் பிழைப்பு.

லினக்ஸ் மின்ட் 20.3 இயங்குதளம் (எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு) ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டதால், போன ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு 21-க்கு அப்கிரேடு செய்தேன். மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் சில பொதிகளை நீக்கவா என்று கேட்டது, அதில் கார்டுக்கான என்விடியா 340 டிரைவரும் இருந்தது. சரி என்று கொடுத்துவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

திங்கள் காலை திறந்தால் ஒரு ஜன்னலைப் பிடித்து நகர்த்தினாலே பின்னால் கோடு கோடாக வருகிறது. இங்க்ஸ்கேப்பில் பெரிதாக்கினால் இரண்டு விநாடி கழித்துத்தான் படம் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் சிபியூ இரண்டும் 100-ஐத் தொடுகின்றன. ராம் பாதிகூட நிறையவில்லை. இன்னொன்று, திரை அளவில் 1024-க்கு 768 மட்டும்தான் காட்டுகிறது. முன்பு 1440-க்கு 900 இருந்தது.

நேற்று ஒரு துக்க வீட்டிலிருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்தார்கள். பதினொரு மணிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். தோற்றம், மறைவு தேதிகளை அடித்துப் படத்தை வைத்து முடிப்பதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்தப் பையன் திரையைப் பார்த்து, "எங்க அப்பா முகம் இவ்வளவு அகலமா இருக்காதே அக்கா" என்றான். திரை இழுபட்டிருக்கிறது, அச்சில் சரியாக வரும் என்று சொன்னேன். நம்பினானா தெரியவில்லை. அந்த நேரத்தில் அந்த வீட்டுக்காரர்களை அப்படிச் சங்கடப்படுத்தியதுதான் மனதைவிட்டுப் போகவில்லை.

புதுக் கணினி வாங்க இப்போது வழியில்லை. பழையதற்கே திரும்பிவிடுவதா, இதைச் சரிசெய்ய முடியுமா?

காரைக்குடி செல்வன்:

அக்கா, முதலில் கம்பாசிட்டரை நிறுத்திப் பாருங்கள். அமைப்புகளில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ், அதில் கடைசித் தாவல். நிழல், ஒளிபுகும் விளைவெல்லாம் போய்விடும், வேலைக்கு அவை வேண்டாம். என் அப்பாவின் மடிக்கணினியில் அதற்கே பாதி வேகம் திரும்பியது.

போடி டிடிபி:

செய்தேன் தம்பி. கோடு குறைந்தது. இங்க்ஸ்கேப் அப்படியேதான் இருக்கிறது, திரை அளவும் மாறவில்லை.

பழைய இரும்பு:

அந்த 1024-க்கு 768 என்ற வரியிலேயே விடை இருக்கிறது அம்மா. உங்கள் கார்டு இப்போது வேலையே செய்யவில்லை. டெர்மினலில் இன்க்ஸி கட்டளையை, ஒரு கோடும் பெரிய எழுத்து ஜி-யும் சேர்த்துக் கொடுங்கள். ரெண்டரர் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று வரும் என்று நினைக்கிறேன். கார்டு செய்ய வேண்டிய வரைகலைக் கணக்கைச் சிபியூவே போடுகிறது என்பதுதான் அதன் பொருள்.

எப்படி இப்படி ஆகியிருக்கும் என்று சொல்கிறேன். ஜிஃபோர்ஸ் 210-க்கான தனியுரிம டிரைவர் 340 வரிசை. அதன் கடைசிப் பதிப்பு 340.108, வந்தது 2019 டிசம்பரில். மின்ட் 21 உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, அதன் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, 5.15. அங்கே 340 கிடையாது. ஆகவே அது நீங்கியதில் தவறில்லை. அதன் இடத்துக்கு நூவோ என்ற திறமூல டிரைவர் தானாக வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், பெரும்பாலும் கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலில் நோமோட்செட் என்ற சொல் உட்கார்ந்திருக்கும். திரையைக் கர்னல் அமைக்க விடாமல் தடுக்கும் சொல் அது. முதன்முறை மின்ட் நிறுவும்போது திரை கறுப்பாக வந்தால் அதைச் சேர்ப்பது வழக்கம். 340-க்கு அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அதனால் இத்தனை வருடம் தெரியாமல் கிடந்திருக்கும். நூவோவுக்கோ அது இருந்தால் கதவே திறக்காது.

ஈடிசி அடைவுக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பு. முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகியாகத் திறந்து அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்துச் சேமித்துவிட்டு, அப்டேட் கிரப் கட்டளை கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். திரை கறுப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். கிரப் மெனுவில் இ விசையை அழுத்தி அதே சொல்லை அந்த ஒரு முறைக்குச் சேர்த்தால் உள்ளே போய்விடலாம்.

340-ஐ வெளியிலிருந்து எடுத்துப் போடச் சொல்லி யாராவது எழுதினால் கேட்காதீர்கள். புதுக் கர்னலுக்கு ஏற்பத் தன்னார்வலர்கள் ஒட்டுப்போட்டு வைத்திருப்பவை அவை. ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் உடையலாம். பிழைப்புக்கு வைத்திருக்கும் கணினியில் அது வேண்டாம்.

போடி டிடிபி:

ஐயா, அந்தச் சொல் அங்கேதான் இருந்தது! எடுத்துவிட்டேன். திரை 1440-க்கு 900 வந்துவிட்டது, ரெண்டரரில் என்விஏ8 என்று கார்டின் சிப் பெயரைக் காட்டுகிறது. ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. நேற்றைய போஸ்டர் கோப்பைத் திறந்து அந்தப் பெரியவர் முகத்தை ஒருமுறை பார்த்தேன். சரியாக இருந்தது.

இங்க்ஸ்கேப்பில் கல்யாணப் பத்திரிகையின் பூ வேலையைப் பெரிதாக்கும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறது. அது இப்படித்தான் இருக்குமா?

பழைய இரும்பு:

இங்க்ஸ்கேப் கோடுகளை வரைவது சிபியூவில்தான், கார்டில் இல்லை. ஆகவே பூ வேலையின் பாரம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வரைந்ததைத் திரைக்குக் கொண்டுவரும் வேலையில் இன்னும் வேகம் எடுக்கலாம்.

நூவோ இந்தக் கார்டுகளின் கடிகார வேகத்தைத் தானாக உயர்த்தாது. கணினி தொடங்கும்போது இருந்த வேகத்திலேயே விட்டுவிடும். சிஸ் அடைவில் கர்னல், டீபக், டிஆர்ஐ, 0 என்று உள்ளே போனால் பிஸ்டேட் என்ற கோப்பு இருக்கும். ரூட்டாகப் படியுங்கள். 03, 07, 0எஃப் என்று வேக நிலைகளுக்கான வரிகள் வரும். ஏசி என்று தொடங்கும் கடைசி வரிதான் இப்போதைய வேகம். அந்தக் கோப்புக்குள் 0எஃப் என்று எழுதினால் கார்டு முழு வேகத்துக்குப் போகும். எழுதுவதற்கு முன் திறந்திருக்கும் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள், சில கார்டுகளில் திரை உறைந்துவிடும். மறுதொடக்கம் செய்தால் பழைய வேகம் வந்துவிடும், நிரந்தரச் சேதம் இல்லை.

210 கார்டு பலவற்றில் விசிறி கிடையாது, வெறும் அலுமினியத் தகடுதான். ஜெராக்ஸ் கடைத் தூசி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முதலில் மூடியைக் கழற்றித் தூசி தட்டுங்கள். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து உறையாமல் இருந்தால் சொல்லுங்கள், நிரந்தரமாக்கும் வழியைத் தருகிறேன்.

போடி டிடிபி:

மூன்று நாள் ஆகிவிட்டது. மூடியைக் கழற்றினால் தகட்டின் இடுக்கெல்லாம் டோனர் தூசி கறுப்பாக அப்பியிருந்தது. பழைய பெயின்ட் பிரஷ் வைத்து அரை மணி நேரம் எடுத்தேன். ஏசி வரியில் கோர் 405 மெகாஹெர்ட்ஸ் இருந்தது, 0எஃப் எழுதியதும் 589 ஆனது. ஒரு தடவைகூட உறையவில்லை. பூ வேலை பழைய அளவுக்கு வந்துவிட்டது என்றே சொல்வேன். தினமும் காலையில் எழுத வேண்டியிருக்கிறது, நிரந்தர வழியைச் சொல்லுங்கள் ஐயா.

பழைய இரும்பு:

நோமோட்செட் இருந்த அதே கிரப் வரியில் நூவோ, புள்ளி, கான்ஃபிக், சமக்குறி, என்விகிளாக்மோட், சமக்குறி, 15 என்று இடைவெளி இல்லாமல் சேருங்கள். என், வி, கிளாக்கின் சி, மோடின் எம் மட்டும் கவனம்: வி சிறிய எழுத்து, மற்ற மூன்றும் பெரிய எழுத்து. 0எஃப் என்ற பதினறும எண்தான் பதின்மத்தில் 15. அப்புறம் வழக்கம்போல அப்டேட் கிரப்.

போடி டிடிபி:

ஆயிற்று ஐயா. இன்று காலை நேராக 589-ல் தொடங்கியது. போடி பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், ஏலக்காய் டீ இருக்கும்.