தமிழ்நாட்டிலிருந்து மட்டக்களப்புக்குக் கற்பிக்க வரும் அருட்சகோதரி: வீசா, பாடசாலை, பாடநூல்

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபை என்னை மட்டக்களப்பிலுள்ள கன்னியர் இல்லத்துக்கு அனுப்புகிறது. பி.எஸ்சி. கணிதம், பி.எட். படித்திருக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். முதலில் டூரிஸ்ட் விசாவில் வந்துவிட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார், சரியா? அங்குள்ள கத்தோலிக்கப் பள்ளியில் நேரடியாக ஆசிரியராகச் சேர முடியுமா? இங்குள்ள சமச்சீர் பாடத்திட்டப் புத்தகங்களைக் கொண்டுவந்தால் பயன்படுமா? மொழி தமிழ்தானே என்பதால் பெரிதாகத் தயாரிப்பு தேவையில்லை என்கிறார்கள்.

வாவிக்கரை

சிஸ்டர், சுற்றுலா வீசாவில் வராதேங்கோ. மாற்றலாம் என்று சொல்பவர் பத்தரமுல்லை குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நிற்கப்போவதில்லை.

ஒழுங்கு இதுதான். இங்குள்ள இல்லமும் ஆயரகமும் தரும் கடிதங்கள் கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்துக்குப் போகும். அவர்களின் சிபார்சோடு குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அனுமதிக்க வேண்டும். அதன் பிறகுதான் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் நுழைவு வீசா. அதில் வந்திறங்கி, அந்த வீசா முடியுமுன் பத்தரமுல்லையில் வதிவிட வீசா எடுப்பது. பயணச்சீட்டை அனுமதி கைக்கு வந்த பிறகு பதியுங்கோ.

சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில். கடவுச்சீட்டில் ஞானஸ்நானப் பெயர், சபைக் கடிதத்தில் துறவறப் பெயர், பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் என்று மூன்று விதமாக இருந்தால் கோப்பு நின்றுவிடும். எல்லாக் கடிதத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லி, துறவறப் பெயரை "என அழைக்கப்படும்" என்று பக்கத்தில் போடச் சொல்லுங்கோ. வங்கிக் கணக்கு திறக்கும்போதும் இதே பிரச்சினைதான் வரும்.

பழைய கரும்பலகை

இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: முடியாது. "கத்தோலிக்கப் பள்ளி" என்று அங்கே நீங்கள் நினைப்பதும் இங்கே இருப்பதும் வேறு. அரச உதவி பெற்றுத் திருச்சபை போன்றவை நடத்திய பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை 1960, 1961 சட்டங்களால் அரசு பொறுப்பேற்றது. புனித மிக்கேல் கல்லூரி, புனித சிசிலியா, கல்முனை கார்மேல் பற்றிமா எல்லாம் பெயரில் புனிதர்களும் மாதாவும் இருந்தாலும் அரச பாடசாலைகள். ஆசிரியர் நியமனம் அரசு தருவது, அதற்கு இலங்கைக் குடியுரிமை வேண்டும். அங்கே படிப்பிக்கிற சிஸ்டர்மாரைப் பார்ப்பீர்கள், அவர்கள் இந்நாட்டவர், அரச நியமனம் பெற்றவர்கள்.

அப்படியென்றால் வேலை இல்லையா? நிறைய இருக்கிறது, ஆனால் பாடசாலை மணிக்கு வெளியே. பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை. விடுதிப் பிள்ளைகளின் மாலைப் படிப்பு, இல்லத்தின் முன்பள்ளி, ஞாயிறு மறைக்கல்வி, இந்த மூன்றிலும் ஆள் போதாது. தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகியவற்றோடு சேர்த்து ஆறு, தொகுதிகளிலிருந்து தெரிவு செய்யும் பாடங்கள் மூன்று, ஆக ஒன்பது. ஒரு பாடசாலையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் நாலைந்து பேர்தான் என்றால் அவர்களுக்குச் சமய ஆசிரியர் கிடைப்பது கடினம். அந்தப் பிள்ளைகளைப் பங்குக் கோவிலில் கூட்டிக் கத்தோலிக்கப் பாடத்தைப் பரீட்சைக்காகவே படிப்பித்தால், வேறெதையும் விட அது பயன்படும்.

முன்பள்ளிக்குத் தனி ஒழுங்கு: கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்தில் பதிவு இருக்க வேண்டும். பொறுப்பை ஏற்குமுன் இல்லத்தின் பதிவுக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். வருபவர்களில் பெரும்பாலானோர் இந்துப் பிள்ளைகள், சில இடங்களில் முஸ்லிம் பிள்ளைகளும். காலை வணக்கத்தில் சிலுவை அடையாளம் போடப் பழக்கினால் பெற்றோர் வாயால் சொல்ல மாட்டார்கள், அடுத்த தவணை (பள்ளிப் பருவம்) பிள்ளையை வேறிடம் சேர்த்துவிடுவார்கள். எல்லோரும் பாடக்கூடிய பொது வணக்கம் வைப்பது நல்லது.

காவிரிக்கரை

மிக்க நன்றி. விடுதி மாணவர்களுக்குக் கணக்கு எடுக்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

கல்லடிக் காற்று

சமச்சீர் புத்தகங்களை அங்கேயே வைத்துவிட்டு வாங்க சிஸ்டர், பெட்டிப் பாரம் மிச்சம். இங்கத்தைய பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆசிரியர் வழிகாட்டியை மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடுகிறது. தரம் 9, 10, 11 கணிதம் மூன்றையும் வருமுன்பே பதிவிறக்கி ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்க.

மொழி தமிழ்தான், கலைச்சொல் வேறு. அறிவியல் இங்கே விஞ்ஞானம், இயற்பியல் பௌதிகவியல், வேதியியல் இரசாயனவியல். முக்கோணம் முக்கோணி. செல் என்பது கலம், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு, எலக்ட்ரான் இலத்திரன், ஆக்சிஜன் ஒட்சிசன், மதிப்பெண் புள்ளி. வாயால் நீங்க எப்படிச் சொன்னாலும் பிள்ளைகளுக்கு விளங்கும். ஆனால் பலகையில் எழுதினால் அதைத்தான் கொப்பியில் எழுதுவார்கள், வினாத்தாளில் மற்றச் சொல்லைக் கண்டால் தடுமாறுவார்கள். ஆகவே எழுத்தில் ஒரே சொல், பாடநூலின் சொல்.

சாதாரண தரக் கணிதத்தில் இரண்டு தாள். முதலாவது இரண்டு மணித்தியாலம்: 25 சிறுவினா, 5 கட்டமைப்பு வினா. இரண்டாவது மூன்று மணித்தியாலம்: 12 வினாவில் 10, ஏ பகுதியில் ஐந்து, பி பகுதியில் ஐந்து. ஏ, பி, சி, எஸ் என்றால் சித்தி, அதாவது தேர்ச்சி; டபிள்யூ என்றால் சித்தி இல்லை. எஸ் என்ற கடைசிச் சித்தியின் எல்லையில் நிற்கும் பிள்ளைக்கு முதல் தாளின் 25 சிறுவினாவை நாளுக்கு ஒரு செட் என்று செய்விப்பதே வேகமான வழி. கேத்திரகணித நிறுவலில் (வடிவியல் நிரூபணம்) தொடங்கினால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் "தலையிடி" என்று படுத்துவிடும். பின்னம், சதவீதம், அட்சரகணிதச் (இயற்கணிதம்) சுருக்கல் இவைதான் முதலில்.

தரம் 5 பிள்ளைகள் இருந்தால் புலமைப்பரிசில் (உதவித்தொகை) பரீட்சை தனி உலகம், இரண்டு தாளுக்கும் மொத்தம் 200 புள்ளி. அந்த வருடம் வீட்டில் எல்லோருக்கும் பரீட்சைதான்.

படுவான்கரையான்

கற்பிப்பதைச் சொல்லிவிட்டார்கள், நாட்காட்டியையும் காலநிலையையும் கேளுங்க. பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்குவது வழக்கம், மூன்று தவணை. கொவிட்டுக்குப் பிறகு சில வருடம் நாட்காட்டி தள்ளிப்போனது, அதனால் அந்த வருடச் சுற்றறிக்கையைப் பார்க்காமல் எதையும் திட்டமிடாதீங்க. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை வேறு. காத்தான்குடி, கல்முனைப் பக்கம் வகுப்பு வைத்தால் இரண்டு நாட்காட்டியும் வேண்டும்.

மாரி மழை ஐப்பசியில் தொடங்கினால் தை வரைக்கும் இழுக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களுக்கு வெள்ளத்தில் போக்குவரத்து அறுந்துவிடும், ஆகவே மறைக்கல்விப் பாடங்களை அந்த மாதங்களில் இறுக்கமாகப் போட வேண்டாம். டெங்கு கூடுவதும் அப்போதுதான். முன்பள்ளி வளவில் சிரட்டை, பூச்சாடித் தட்டு, ரயர் இவற்றைக் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துவிடுங்க, டெங்கு நுளம்பு (கொசு) பகலில்தான் கடிக்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும், காலை பதினொரு மணிக்கே சீற் கூரை வகுப்பில் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். கணக்கை விடியவே முடித்துவிட்டு, பாட்டும் கதையும் பிறகு வைக்கலாம்.

பெட்டியில்: பருத்தி உடுப்பு, சபைக் கடிதம், பட்டச் சான்றிதழ்கள் இவற்றின் சான்றுபடுத்திய பிரதிகள், மின் அடப்டர் ஒன்று. பழைய கட்டடங்களில் உருண்டை முள் சொக்கற் உங்கள் சார்ஜருக்குச் சரிவரும், புதியவற்றில் சதுர முள் 13 அம்பியர். தயிருக்கு மட்டும் கவலைப்படாதீங்க, இங்கத்தைய எருமைத்தயிர் சட்டியில் வரும்.