ஊரிலிருந்து உறவுக்காரப் பெண்ணைக் குழந்தை பார்க்க அழைத்து வரலாமா?

செங்காங் தாய் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகனும் ஒன்பது மாதத்தில் ஒரு மகளும் இருக்கிறார்கள். நானும் கணவரும் இங்கே சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறோம். இதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட என் மாமியாருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருப்பதால், இனி அவரிடம் கைக்குழந்தையைத் தூக்கச் சொல்வது பாவம். கும்பகோணத்தில் இருக்கும் என் கணவரின் பெரியம்மா பேத்திக்கு 21 வயது. பட்டப்படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள்; வெளிநாடு பார்க்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை.

என்னுடன் வேலை செய்யும் ஜெர்மானியத் தோழி, தன் நாட்டில் 'ஓ பேர்' என்றோர் ஏற்பாடு இருப்பதாகச் சொன்னார். வெளிநாட்டு இளம்பெண் ஒருத்தி ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மொழியும் கற்றுக்கொள்வாளாம். குடும்பம் அவளுக்கு அறையும் சாப்பாடும் கைச்செலவுக்குப் பணமும் கொடுக்குமாம். கேட்டவுடனே எனக்கு இவள் நினைவுதான் வந்தது. வருகை அனுமதியில் அழைத்து வந்து, எங்கள் வீட்டுப் பெண்ணாகவே வைத்துக்கொண்டு, மாதம் ஒரு தொகையைக் கையில் கொடுக்கலாமா? அவளுடைய பெற்றோருக்குச் சம்மதம். சட்டம் இடம் தருமா, தந்தால் எதையெல்லாம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசி:

சகோதரி, தயவுசெய்து அப்படி அழைத்து வராதீர்கள். சிங்கப்பூரில் ஓ பேர் என்று தனி அனுமதி எதுவும் கிடையாது. வருகை அனுமதியில் வந்தவர் இங்கே வேலை செய்யக்கூடாது. நீங்கள் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லாமல் கைச்செலவு என்று சொன்னாலும், தினமும் நேரம் குறித்து ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேலைதான். உரிய அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பவருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்தப் பெண்ணுக்கும் 20,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வெளிநாடு பார்க்க ஆசைப்பட்டு வரும் பிள்ளையின் எதிர்காலத்தை இப்படிப் பணயம் வைக்கக்கூடாது.

முறைப்படி பணிப்பெண்ணுக்கான வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாமே என்று அடுத்து நினைப்பீர்கள். அதற்குக் குறைந்தது 23 வயது ஆகியிருக்க வேண்டும். மேலும், முதலாளிக்கு உறவினராக இருக்கக்கூடாது என்பது மனிதவள அமைச்சின் நிபந்தனை. இரண்டுமே உங்களுக்குப் பொருந்தவில்லை. அந்த இரண்டாவது நிபந்தனை எனக்கு மிகவும் நியாயமாகவே படுகிறது, ஏனென்றால் சொந்தக்காரர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு, தன் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்க வாய் வராது.

விருந்தாளியாக மூன்று வாரம் வந்து தங்கி, தேக்காவையும் செந்தோசாவையும் பார்த்து, குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போவதில் தவறில்லை. அவள் இருந்தால்தான் நீங்கள் அலுவலகம் போக முடியும் என்ற நிலை வந்துவிட்டால், அவள் விருந்தாளி இல்லை.

முன்னாள் ஓ பேர்:

நான் 2016ஆம் ஆண்டில், ஸ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தில் பத்து மாதம் ஓ பேராக இருந்தேன். உங்கள் தோழி சொன்னது சரிதான். ஆனால் அந்த ஏற்பாடு அன்பை மட்டும் நம்பி நடப்பதில்லை. 'ஓ பேர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் 'சமநிலையில்' என்பது பொருள். அந்தச் சமநிலையைக் காப்பதற்காகவே ஜெர்மனியில் நாளுக்கு 6 மணி, வாரத்துக்கு 30 மணி என்று வேலை நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு உண்டு. தனி அறையும் காப்பீடும் குடும்பத்தின் பொறுப்பு. கைச்செலவுத் தொகை அப்போது மாதம் 260 யூரோ. பிறகு அது 280 ஆனது. மொழி வகுப்புக்கும் குடும்பம் ஒரு தொகை தர வேண்டும்.

இத்தனை விதிகள் இருந்தும் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்த வீட்டம்மா பென்சிலால் எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது: காலை 7 முதல் 8.30, மதியம் 12.30 முதல் 5. முதல் இரண்டு வாரம் அப்படியே நடந்தது. மூன்றாவது வாரத்தில் 5 மணி என்பது 5.40 ஆனது, பிறகு 6.15 ஆனது, கடைசிக் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் துணி மடிப்பதும் அதில் சேர்ந்துகொண்டன. "நீயும் எங்கள் வீட்டுப் பெண்தானே" என்று அவர் மனமாரச் சொல்வார். அதனாலேயே நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் மட்டும் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். கூட்டிப் பார்த்தால் 41 மணி நேரம். அந்தப் பக்கத்தை ஞாயிறு மாலை சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார், ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய்ப் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இரண்டு மாலைகளுக்குப் பக்கத்து வீட்டு மாணவியை ஏற்பாடு செய்துகொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இருபது நிமிடம் அடுத்த வாரத்தைப் பற்றிப் பேசிக்கொள்வோம். மீதி மாதங்கள் நன்றாகவே போயின.

ஆகவே, யாரை வைத்துக்கொள்வது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த எந்த மணிக்கு ஆள் வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது, அடம்பிடித்தால் எந்த அளவுக்குக் கண்டிக்கலாம், கைப்பேசியில் படம் காட்டிச் சோறு ஊட்டலாமா என்பதையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் வந்த மனத்தாங்கல்களில் பாதி இந்தக் கடைசி விஷயத்தில் வந்தவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெண் ஆசைப்பட்டால், அவளே ஜெர்மனிக்கு ஓ பேராகப் போக முயலலாம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 18 வயது நிறைந்து, 27 ஆகாமல் இருக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் ஏ1 என்னும் தொடக்க நிலையாவது தெரிந்திருக்க வேண்டும். சென்னை கெத்தே நிலையத்தில் அதற்கு வகுப்பும் தேர்வும் உண்டு. குடும்பத்தை முடிவு செய்வதற்கு முன் காணொளியில், பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று முறை பேசட்டும். முன்பு அங்கே இருந்த ஓ பேரின் தொலைபேசி எண்ணைக் கேட்கட்டும். கொடுக்கத் தயங்கும் குடும்பம் வேண்டாம்.

அங் மோ கியோ பாட்டி:

அம்மா, முகவை நிறுவனம் மூலம் வேறொரு பணிப்பெண்ணை எடுப்பதானால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முதன்முறை முதலாளி ஆகிறவர் அறிமுக வகுப்புக்குப் போக வேண்டும். 16 வயதுக்குட்பட்ட குடியுரிமை பெற்ற பிள்ளை இருப்பதால் அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான். 5,000 வெள்ளிப் பிணையும் மருத்துவக் காப்பீடும் தனி. வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. அதில் மாதம் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்பது 2023 ஜனவரி முதல் கட்டாயம். சம்பளத்தை நீங்கள் 'பத்திரமாக' வைத்திருப்பதும் கூடாது. அவர் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள்.

எங்கள் வீடு பன்னிரண்டாம் மாடி. ஊரிலிருந்து வந்த பெண், வந்த இரண்டாம் நாள், ஈரத்துணி மாட்டிய மூங்கில் கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்க நின்றதைப் பார்த்து என் உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து உள்ளேதான் துணி காய்கிறது. முதல் ஒரு வாரமாவது நீங்கள் விடுப்பெடுத்து, அவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் காட்டிக்கொடுங்கள்.

ஆனால் ஒன்பது மாதக் குழந்தை என்றால் நான் முதலில் கைக்குழந்தைப் பராமரிப்பு நிலையத்தைத்தான் பார்ப்பேன். 2 மாதம் முதல் 18 மாதம் வரை எடுத்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய்க்கு அடிப்படை மானியமே மாதம் 600 வெள்ளி. நீக்குப்போக்கான வேலை நேரமும் கேட்டுப் பாருங்கள். 2024 டிசம்பர் முதல், முறையாக எழுதிக் கேட்டால் நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

செங்காங் தாய்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு நானும் கணவரும் தாளை எடுத்து எழுதினோம். காலை 6.45 முதல் இரவு 8 வரை, மொத்தம் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். அதை அந்தப் பிள்ளையிடம் கைச்செலவுக் காசுக்குக் கேட்க இருந்தோம் என்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. மகளுக்கு வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் இடம் கேட்டிருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டுக் கணவர் எழுதுகிறார்.

கும்பகோணத்துக்கும் பேசினேன். தீபாவளிக்கு மூன்று வாரம் விருந்தாளியாக வா என்றேன். ஜெர்மனி பற்றியும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஏ1 வகுப்பு எத்தனை மாதம் என்று கேட்டாள். முன்னாள் ஓ பேர் அவர்களே, நீங்கள் எவ்வளவு காலம் படித்தீர்கள் என்று சொன்னால் இன்றே அவளிடம் சொல்லிவிடுவேன்.