வயலின் பிள்ளைகளுக்கு ஜாஸ் மனோதர்மம்: எங்கே தொடங்குவது?

கேள்வி: பிள்ளைகள் இசைக்குறிப்புத் தாளைப் பார்த்துச் சுத்தமாக வாசிக்கிறார்கள், தாளை எடுத்தால் கை நின்றுவிடுகிறது. எதில் ஆரம்பிக்கலாம்?

பதில் 1: ஏ-யில் 12 பார் ப்ளூஸ் (நான்கு பீட் கொண்ட பன்னிரண்டு பார்களில் சுற்றிச் சுற்றி வரும் கார்டு வரிசை). நான்கு பார் ஏ7 (ஏ-யின் மேல் அமைந்த கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), இரண்டு டி7, இரண்டு ஏ7, பிறகு ஒரு பார் ஈ7, ஒரு பார் டி7, கடைசி இரண்டும் ஏ7. மூன்று கார்டின் அடிச்சுரமும் திறந்த தந்தியிலேயே இருக்கிறது. முதலில் ஏ, சி இரண்டே சுரம். நீங்கள் இரண்டு பார், அவர்கள் இரண்டு பார். ஸ்கேலை முழுசாகக் கொடுத்தால் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள்!

பதில் 2: பாதிச் சிக்கல் வில்லில். நீள வில்லில் ஸ்விங் (ஜாஸின் நீளமும் குட்டையுமாக ஆடும் லயம்) வராது, நடுவில் நாலு விரற்கடை போதும். ஆஃப்பீட்டை (இரண்டு பீட்டுக்கு நடுவில் வரும் சுரத்தை) அடுத்த பீட்டோடு ஒரே வில்லில் சேருங்கள். மெட்ரோனோம் (தட்டு கொடுக்கும் கருவி) நிமிடத்துக்கு 60, அந்தத் தட்டு பாரின் 2, 4-ஆம் பீட்டில் விழவேண்டும்.

பதில் 3: அடுத்து ஏ7-இன் மூன்றாம், ஏழாம் சுரங்களான சி ஷார்ப், ஜி-யைக் கொடுங்கள். டி7 வரும்போது அவை சி, எஃப் ஷார்ப் என அரைச்சுரம் இறங்கும். வாசிக்குமுன் பாடச் சொல்லுங்கள்.