உதவி: ஜார்ஜ்டவுனில் எட்டு நாள், ஒரு பெயரை எப்படித் தேடுவது?

ஆய்வு மாணவன்:
வணக்கம். சென்னையிலிருந்து தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். ஏப்ரல் 28 அன்று அதன் தலைநகர் ஜார்ஜ்டவுன் போய் மே 6 அன்று கிளம்புவதாகத் திட்டம். வால்டர் ராட்னி தேசிய ஆவணக் காப்பகத்தில் கப்பல் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். பெர்பீஸ் பகுதியில் இருக்கும் ஒரு பாட்டி, தன் தாத்தாவின் ஊர் எது என்று தெரிந்தால் போதும் என்று கேட்டிருக்கிறார். பெயர் வீரன். அவ்வளவுதான் தெரியும். 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து அங்கே போனவர்கள் சுமார் 2,39,000 பேர். அதில் ஒரு வீரனை எப்படிக் கண்டுபிடிப்பது? வேறு ஏதும் கவனிக்க வேண்டுமா?

மருந்தாளுநர்:
முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டீர்களா? கயானாவிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் அந்த அட்டையைக் கேட்பார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். சென்னை என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கேளுங்கள்.

ஆய்வு மாணவன்:
நல்லவேளை சொன்னீர்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் ஊசியெல்லாம் தேவையில்லை என்று சொல்லிவிட்டார், நானும் நம்பிவிட்டேன்.

பழைய ஏடு:
தம்பி, தேதியை மாற்றுங்கள். மே 1 தொழிலாளர் தினம். மே 5 இந்தியர் வருகை நாள், 1838-இல் முதல் இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த நாள். இரண்டும் விடுமுறை. நடுவில் சனி, ஞாயிறு வேறு. உங்கள் எட்டு நாளில் காப்பகம் திறந்திருப்பது பாதிதான். மே பிறந்தால் மழையும் ஆரம்பித்துவிடும். கடல் மட்டத்துக்குக் கீழே, தடுப்புச் சுவரை நம்பி இருக்கிற ஊர் அது, கனமழை என்றால் தெருவில் தண்ணீர் நிற்கும். செப்டம்பர் நல்ல மாதம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெயரை வைத்துத் தேடாதீர்கள். நம் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியது. வீரன் என்பது வீரின், வீரென், பீரன் என்று எப்படியும் இருக்கலாம். அங்கே குடும்பப் பெயராக மூன்சாமி, சின்னப்பென் என்றெல்லாம் இன்றும் இருக்கிறது, முனுசாமியும் சின்னப்பனும் அப்படி ஆனவர்கள்தான். உங்களுக்கு வேண்டியது மூன்று: கப்பல் பெயர், வந்த ஆண்டு, அவருக்குக் கொடுத்த எண். எண் இருந்தால் சரியான பக்கத்துக்கே போய்விடலாம்.

அந்த எண் பெரும்பாலும் குடும்பத்தின் கையிலேயே இருக்கும். கயானாவில் பிறந்த பிள்ளைகளின் பழைய பிறப்புச் சான்றிதழில் அப்பா அம்மா பெயருக்குப் பக்கத்தில் கப்பலும் எண்ணும் எழுதும் வழக்கம் இருந்தது. பாட்டியிடம் அவர் அப்பாவின் சான்றிதழ் இருக்கிறதா?

ஆய்வு மாணவன்:
அண்ணா, சான்றிதழின் படம் என்னிடம் மூன்று மாதமாக இருக்கிறது! பிள்ளை பெயரை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். வீரன் பெயருக்குக் கீழே, மை மங்கிய சாய்ந்த எழுத்தில், நான்கு இலக்க எண், அதையடுத்து ஒரு கப்பல் பெயர். கட்டத்தின் கோட்டோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

பழைய ஏடு:
அப்புறம் என்ன, பாதி வேலை முடிந்தது. ஒரே கப்பல் பல தடவை வந்திருக்கும், அதனால் பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பயணமாகப் பாருங்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷம் என்பதை நினைவில் வையுங்கள். பல்கலைக்கழகக் கடிதம், பென்சில் இரண்டும் எடுத்துப் போங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். தாள் அப்பளம் மாதிரி இருக்கும், ஓரத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள், உள்ளங்கையைக் கீழே கொடுத்துத் திருப்புங்கள். நியூயார்க், மயாமி வழியாகப் போவதென்றால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும்.

ஆய்வு மாணவன் (செப்டம்பர்):
திரும்பிவிட்டேன். மூன்றாவது நாள் மதியம் கிடைத்தார். எண் அதேதான். வயது 22, அப்பா பெயர், வலது முழங்காலில் தழும்பு. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர். ஊர்ப் பெயர்தான் சிக்கல்: 'கஸ்டம்பாடி' மாதிரி தெரிகிறது. யாராவது சரியாகப் படித்துச் சொல்ல முடியுமா?

மருந்தாளுநர்:
கஸ்தம்பாடி. போளூர் பக்கம்தான், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். பாட்டிக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள் தம்பி.